உறவுக்காரர் இலங்கையில் கைதானால்: மனு எழுதுவதில் நேரும் தவறுகள்

கேரளத்தில் எங்கள் குளத்துப்புழைப் பக்கம் ரப்பர் வெட்டுபவர்களில் பலர் 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தினர். போன மாதம் ஒரு அண்ணன் பால் எடுத்த கையோடு மனு ஒன்றை நீட்டினார். இலங்கை மலையகத்து அட்டனில் அவர் சித்தப்பா மகனைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்துவிட்டார்களாம், இந்தியத் தூதர் சிறைக்குப் போய் அவனை மீட்க வேண்டுமாம்.

"அண்ணே, தம்பி எந்த நாட்டுக் குடிமகன்?" என்றேன். இலங்கை. அங்கேயே மனு விழுந்துவிடுகிறது. 1963 வியன்னா உடன்படிக்கைப்படி தூதரக அதிகாரி தன் நாட்டுக் குடிமக்களைத்தான் சிறையில் பார்க்க உரிமை கேட்க முடியும், சொந்தமும் மொழியும் அதில் கணக்கில்லை. இந்தத் தவறில் வீணாவது நாள்தான். அடிப்படை உரிமை மீறலுக்கு இலங்கை உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் அந்நாட்டு மனித உரிமை ஆணைக்குழுவில் புகார் கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது.

அடுத்தது, சட்டமே கொடுமை என்று பொதுவாக எழுதுவது. எந்தப் பிரிவு என்று எழுதுங்கள். 1979-இல் வந்த இந்தச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் (ஏ.எஸ்.பி.) கொடுத்த வாக்குமூலமே நீதிமன்றத்தில் சாட்சியாகிவிடும், அடித்து வாங்கினார்கள் என்றால் அதைக் கைதிதான் காட்ட வேண்டும். 2022 திருத்தம் தடுப்புக்காவலை 18 மாதத்திலிருந்து 12 ஆகக் குறைத்ததே தவிர இதைத் தொடவில்லை. திருத்தம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

மனித உரிமையைக் காக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இலங்கைப் பொருள்களுக்கு ஐரோப்பா கொடுக்கும் வரிச்சலுகையை ஒரேயடியாக நிறுத்தட்டும் என்றும் எழுதுகிறார்கள். கோபம் புரிகிறது, எனக்கும் உண்டு. ஆனால் அந்தச் சலுகையில் ஓடும் கட்டுநாயக்கா தையல் ஆலைகளில் நம் தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2010-இல் நிறுத்திய சலுகை 2017-இல் திரும்பி வந்தது. 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் மறுபடி எச்சரித்தது, அதற்கப்புறம்தான் அந்த 2022 திருத்தமே வந்தது. எந்தப் பிரிவு, எந்தத் தேதிக்குள் என்று சொல்லி நெருக்குவதைத்தான் கேட்க வேண்டும்.

இலங்கை பற்றி ஐ.நா. மனித உரிமைப் பேரவை போடும் ஜெனீவா தீர்மானம் எந்த அரசையும் சட்டப்படி கட்டாது. இந்தியா 2012, 2013-இல் ஆதரித்து வாக்களித்தது, 2014, 2021, 2022-இல் ஒதுங்கி நின்றது. ஏன் என்று நம் தொகுதி எம்பியை நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லலாம், அது நம் கையில் இருக்கிறது.

அப்புறம் அண்ணனின் மனுவை ஓரமாக வைத்துவிட்டு அட்டனுக்குப் போன் போட்டோம். கைதாகி 19 நாள் ஆகியிருந்தது. சித்தி அன்றைக்கே ஆணைக்குழுவுக்குப் பஸ் ஏறினார்.