‘பிபி நார்மல்’ என்று எழுதும் முன்

ஐந்து நாள் காய்ச்சல். இன்று காலைதான் விட்டிருக்கிறது. டெங்கு என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. இருபது வயதுப் பையன் கட்டிலில் துவண்டு கிடக்கிறான், கூப்பிட்டால் பதில் சொல்கிறான். மானிட்டரில் 110/90. கேஸ் ஷீட்டில் ‘பிபி நார்மல்’ என்று எழுதிவிட்டு எல்லோரும் அடுத்த கட்டிலுக்கு நகர்கிறார்கள். காய்ச்சல் விட்ட நிம்மதியில் அம்மா கஞ்சி வாங்கக் கீழே போகிறார்.

பையன் ஷாக்கில் இருக்கிறான். உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போய்ச் சேராத நிலை அது.

நிலை தடுமாறும் நோயாளியின் ரத்த ஓட்டத்தை, தமனிக்குள் ஊசி செலுத்தாமல் வெளியிலிருந்தே கணிப்பதில் என்னென்ன தவறுகள் நடக்கின்றன என்று எழுத உட்கார்ந்தால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த 110/90 தான். டெங்குவில் தட்டணுக்கள் குறைந்திருக்கும். தமனியிலோ கழுத்துச் சிரையிலோ குழாய் போட்டால் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. அதனால் பிரஷர் பார்க்கக் கையில் கட்டும் கஃப், விரல், கடிகாரம், மூத்திரப் பை இவற்றை வைத்துத்தான் பெரும்பாலும் வண்டி ஓடுகிறது. இவை எளிமையானவை என்பதாலேயே இவற்றில் தவறு நடக்காது என்று நினைத்துவிடுகிறோம்.

மேல் எண்ணை மட்டும் பார்ப்பது

110இலிருந்து 90ஐக் கழித்தால் 20. இந்த இடைவெளிக்குப் பெயர் பல்ஸ் பிரஷர். நல்ல உடல்நிலையில் இது 40 வாக்கில் இருக்கும். டெங்குவில் ரத்தக் குழாயின் சுவர் வழியே பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, கசிந்து வெளியேறுகிறது. குழாய்க்குள் சரக்கு குறையக் குறைய, உடல் கைகால்களின் ரத்தக் குழாய்களை இறுக்கிக்கொள்ளும். அதில் கீழ் எண் ஏறும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் குறைவதால் இடைவெளி சுருங்கும். மேல் எண் மட்டும் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். குறிப்பாக இளம் வயதுக்காரர்களிடம் அது சரிகிறது என்றால் பாதி நேரம் நம் கையை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2009 டெங்கு வழிகாட்டி, குழந்தைகளிடம் இந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தாலே ஷாக் என்று கொள்ளச் சொல்கிறது. கை சில்லிட்டிருந்தால், நாடி வேகமாக இருந்தால், அந்த எண் வரும் வரைகூடக் காத்திருக்கக் கூடாது. பெரியவர்களிடம் அதே 20 இன்னும் முற்றிய ஷாக்காக இருக்கலாம்.

இங்கே இன்னொரு பள்ளமும் இருக்கிறது. ஐசியூவில் வேலை பார்ப்பவர்களிடம் ‘மேப் 65 இருந்தால் போதும்’ என்ற வாய்ப்பாடு உண்டு. மேப் என்பது சராசரி அழுத்தம். கீழ் எண்ணோடு பல்ஸ் பிரஷரில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் வரும். நம் பையனுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: கிட்டத்தட்ட 97! வாய்ப்பாட்டின்படி அவன் வீட்டுக்கே போகலாம். அந்த 65 கிருமித் தொற்றால் வரும் செப்டிக் ஷாக்குக்குச் சொன்னது. அங்கே ரத்தக் குழாய்கள் தளர்ந்துபோகும், கீழ் எண் விழும். டெங்குவில் நடப்பது அதற்கு நேர்மாறு. என்ன நோய் என்று தெரியாமல் ஓர் எண்ணை நல்லது, கெட்டது என்று சொல்லவே முடியாது.

நாடியையும் சேர்த்துப் பாருங்கள். பையனுக்கு நிமிடத்துக்கு 118. நாடியை மேல் எண்ணால் வகுத்தால் ஷாக் இண்டெக்ஸ். 1967இல் ஜெர்மன் மொழி மருத்துவ உலகில் பிறந்த பழைய கணக்கு இது. சாதாரணமாக 0.5 முதல் 0.7 வரை வரும். இவனுக்கு ஒன்றைத் தாண்டிவிட்டது. பிரஷருக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களிடம் மட்டும் இந்தக் கணக்கு ஏமாற்றும். மாத்திரை நாடியைப் பிடித்து வைத்திருக்கும்.

கஃப் செய்யும் கோளாறு

இத்தாலியின் ரிவா ரோச்சி 1896இல் கொண்டுவந்த கஃப் அகலம் குறைந்தது. குறுகிய கஃப் அளவைக் கூட்டிக் காட்டும் என்று 1901இலேயே ரெக்லிங்ஹாசன் என்ற ஜெர்மானியர் சொல்லிவிட்டார். நூற்றி இருபது வருடம் கழித்தும் நம் வார்டுகளில் ஒரே ஒரு கஃப்தான் எல்லாக் கைகளுக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கஃபின் உள்ளே இருக்கும் பலூன், கையின் சுற்றளவில் 80 சதவீத நீளமும் 40 சதவீத அகலமும் இருக்க வேண்டும். 2023இல் அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்த ஓர் ஆய்வில், மிகப் பெரிய கஃப் தேவைப்படும் கைகளில் சாதாரண கஃபைக் கட்டியபோது மேல் எண் சராசரியாக 19.5 கூடிக் காட்டியது. ஒல்லிக் கைகளில் அதே கஃப் 3.6 குறைத்துக் காட்டியது. அது நடமாடும் மக்களிடம் செய்த ஆய்வு, ஐசியூவில் அல்ல. ஆனாலும் பருமனான ஒருவருக்கு நிஜத்தில் 85 இருக்கும்போது மானிட்டர் நூறுக்கு மேல் காட்டி நம்மைத் தூங்கவைக்கலாம் என்பதற்கு இது போதும்.

கை இருக்கும் உயரமும் முக்கியம். இதய மட்டத்துக்கு மேலே ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் சுமார் 7.5 குறையும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து மேலே இருக்கும் கையில் அளந்தால், விழாத பிரஷர் விழுந்த மாதிரி தெரியும். உடனே யாராவது ஓடிப்போய் ட்ரிப்பை முழு வேகத்தில் திறந்துவிடுவார்கள். முழுக்கைச் சட்டையைச் சுருட்டிச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டு அளப்பதும் வேண்டாம். அந்தச் சுருளே கையை இறுக்கும். இறுக்கமான ரவிக்கைக் கையும் அப்படித்தான். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்ட, அதாவது தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த, கையில் கஃப் கட்டக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் இரவு ஷிஃப்ட் மாறும்போது மறந்துபோகும்.

ட்ரிப் ஓடும் கையில் கஃப் கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கைச் சிரை வழியாக பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கையில் கஃப் உப்பும்போதெல்லாம் மருந்து நின்றுபோகும். காற்று இறங்கியதும் தேங்கிய மருந்து மொத்தமாக உள்ளே பாயும். பிரஷர் ஏறி இறங்குவதைப் பார்த்து நோய்தான் ஆட்டம் காட்டுகிறது என்று குழம்புவோம். உண்மையில் ஆட்டுவது நம் கஃப்.

இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அளக்கும்படி மானிட்டரை வைத்துவிட்டு மணிக்கணக்கில் மறப்பதும் உண்டு. தட்டணு குறைந்தவர்களின் கையில் கஃபுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள் பூத்திருக்கும். டெங்கு சந்தேகத்துக்குச் செய்யும் டூர்னிகே பரிசோதனையே கஃபை மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் நடுவில் உப்பவைத்து ஐந்து நிமிடம் நிறுத்துவதுதானே. நாம் அதை நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறோம்.

திரையில் இருப்பது எப்போது எடுத்தது?

தானியங்கி மெஷின் ஸ்டெதாஸ்கோப் மாதிரி ஒலியைக் கேட்பதில்லை. கஃபுக்குள் காற்று இறங்கும்போது தமனியின் துடிப்பு ஏற்படுத்தும் அதிர்வைக் கவனிக்கிறது. அதிர்வு உச்சத்துக்குப் போகும் இடம்தான் சராசரி அழுத்தம். மேல் எண்ணும் கீழ் எண்ணும் அந்தந்தக் கம்பெனி தன் சூத்திரத்தால் போடும் கணக்கு. சூத்திரத்தை வெளியே சொல்வதுமில்லை. இதன் விளைவைப் பாருங்கள். டெங்குவில் நமக்கு வேண்டியது இடைவெளி. மெஷின் நேரடியாக அளக்காததும் அதே இடைவெளிதான். ஆகவே சந்தேகம் வந்த நிமிடமே மேனுவல் கருவியை எடுத்து, காதால் கேட்டு அளக்க வேண்டும்.

பிரஷர் மிகவும் தாழ்ந்திருக்கும்போது மெஷின் பொதுவாக உள்ளதைவிடக் கூட்டியே காட்டும். நாடி ஒழுங்கில்லாமல் துடிப்பவர்களிடம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வரும். இரண்டு மூன்று முறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஓர் இரவு, ஒரு பெரியவரைக் காட்டி ‘பிரஷர் 118/76 இருக்கு சார்’ என்று சீனியரிடம் தெம்பாகச் சொன்னேன். அவர் திரையைப் பார்க்காமல் பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு அந்த எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த நேரத்தைக் காட்டினார். இருபத்தைந்து நிமிடத்துக்கு முந்தையது. அதற்குப் பிறகு மெஷின் திரும்பத் திரும்ப உப்பி, அளக்க முடியாமல் தோற்று, பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மெஷினால் அளக்க முடியவில்லை என்பதே ஒரு தகவல், பெரும்பாலும் கெட்ட தகவல் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

சரி, மணிக்கட்டில் நாடி தட்டுப்பட்டால் மேல் எண் 80 இருக்கும் என்று பலர் படித்திருப்போம். 2000இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த சிறு ஆய்வு அதையும் உடைத்துவிட்டது. அதைவிடத் தாழ்ந்த பிரஷரிலும் பலருக்கு நாடி தட்டுப்படுகிறது.

விரலில் மாட்டும் சாச்சுரேஷன் கிளிப்பைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: 98 என்று காட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறது என்றுதான் பொருள், அந்த ரத்தம் போதுமான அளவு ஓடுகிறது என்று பொருளில்லை. கஃப் கட்டிய கையிலேயே கிளிப்பையும் மாட்டி, ஒவ்வொரு முறை கஃப் உப்பும்போதும் அலாரம் அடிக்க, கடைசியில் அலாரத்தையே அணைத்துவிடும் வழக்கத்தை எங்கே போய்ச் சொல்வது!

பத்து நொடி அழுத்தம்

சாதனமே தேவைப்படாத ஒரு சோதனைதான் மிக அலட்சியமாகச் செய்யப்படுகிறது. விரல் நுனியை அழுத்தி, வெளுத்த இடம் மறுபடி சிவக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பது, சிஆர்டி என்போம். வார்டில் பார்த்தால் போகிற போக்கில் நகத்தை ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு ‘இரண்டு செகண்ட்’ என்று எழுதுவார்கள்.

2019இல் வெளியான ஆண்ட்ரோமீடா ஷாக் ஆய்வு தென் அமெரிக்க ஐசியூக்களில் 424 செப்டிக் ஷாக் நோயாளிகளிடம் நடந்தது. ஒரு பாதிப் பேருக்கு சிஆர்டியைப் பார்த்தும், மறுபாதிக்கு, ரத்த ஓட்டம் போதாதபோது ரத்தத்தில் ஏறும் லாக்டேட் அளவைப் பார்த்தும் சிகிச்சை கொடுத்தார்கள். 28 நாளில் இறந்தவர்கள் முதல் குழுவில் 34.9 சதவீதம், இரண்டாவதில் 43.4. சிஆர்டிதான் மேல் என்று அடித்துச் சொல்லப் புள்ளியியல் இடம் தரவில்லை. ஆனால் லேபுக்கு அனுப்பும் பரிசோதனைக்கு ஒரு விரல் நுனி ஈடுகொடுத்தது. அங்கே அவர்கள் செய்த முறையைக் கவனியுங்கள்: ஆள்காட்டி விரலின் நுனியைக் கண்ணாடித் தகட்டால் வெளுக்கும்வரை அழுத்தி, பத்து நொடி அப்படியே பிடித்து, விட்டதும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மூன்று நொடிக்கு மேல் போனால் சரியில்லை.

கடிகாரம் முக்கியம், ஏனென்றால் பதற்றத்தில் மனசு எண்ணும் நொடி சிறுத்துவிடும். வெளிச்சம் வேண்டும். ஏசி குளிரில் விறைத்த விரலை நம்ப முடியாது, மருதாணி வைத்த நகத்தில் பார்க்க முடியாது. ஒரே விரலில், ஒரே மாதிரி, மணிக்கொரு தரம் பார்த்தால்தான் போக்கு புரியும்.

விரலில் கஃப் மாட்டி ஒவ்வொரு துடிப்புக்கும் பிரஷர் காட்டும் விலை உயர்ந்த கருவிகளும் வந்துவிட்டன. செக் நாட்டின் பெனாஸ் 1973இல் காட்டிய வழி அது. விரல் சில்லிட்டு ரத்தக் குழாய் இறுகினால் அதுவும் தடுமாறும், அதாவது யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிடமே. இதயம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்று வெளியிலிருந்தே சொல்லும் கருவிகளில் 30 சதவீதம் வரையிலான பிழையை ஏற்றுக்கொள்ளலாம் என்பது 1999 முதல் இருக்கும் அளவுகோல். ஐந்து லிட்டர் என்று காட்டினால் மூன்றரையாகவும் இருக்கலாம், ஆறரையாகவும் இருக்கலாம். அந்த ஒற்றை எண்ணை விட, ஒரு மணி நேரத்தில் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பது பயன்படும்.

எண்ணுக்கு ட்ரிப் போடுவது

பிரஷர் குறைந்தால் ட்ரிப், யூரின் குறைந்தால் ட்ரிப் என்பது கைப்பழக்கமாகிவிட்டது. 2011இல் உகாண்டா, கென்யா, தான்சானியாவில் காய்ச்சலோடும் ரத்த ஓட்டக் குறைவோடும் வந்த மூவாயிரத்துச் சொச்சம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், வேகமாக ஃப்ளூயிட் கொடுத்தவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் பத்தரை சதவீதம் வாக்கில், கொடுக்காதவர்களில் 7.3. டெங்குவுக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது. அங்கே கசிந்த நீரைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் ஃப்ளூயிட்டும் ஒரு மருந்துதான், அளவு மீறினால் கொல்லும்.

கொடுத்தால் பலன் இருக்குமா என்று முன்கூட்டியே பார்க்க, காலைத் தூக்கிப் பார்க்கும் சோதனை உண்டு. அதையும் தப்பும் தவறுமாகச் செய்கிறோம். மட்டமாகப் படுத்திருப்பவரின் காலைக் கையால் தூக்கிவிட்டு பிரஷர் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். அப்படியல்ல. தலைப்பக்கம் 45 டிகிரி சாய்ந்த நிலையில் ஆரம்பித்து, கட்டிலையே அசைத்து உடம்பை மட்டமாக்கிக் காலை உயர்த்த வேண்டும். அப்போதுதான் கால் ரத்தத்தோடு வயிற்றுப் பகுதி ரத்தமும் இதயத்துக்கு வரும். கையால் தூக்கினால் வலியிலேயே நாடி ஏறிவிடும். பார்க்க வேண்டியதும் பிரஷரை அல்ல, எக்கோ ஸ்கேனில் இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவு முதல் ஒரு நிமிடத்துக்குள் பத்து சதவீதமாவது கூடுகிறதா என்பதை.

டெங்குவில் இன்னொரு இடத்தில் வழுக்கும். கசிவு 24 முதல் 48 மணி நேரம்தான். அப்புறம் வெளியே போன நீர் தானாகவே குழாய்க்குத் திரும்பும். அப்போதும் ட்ரிப் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். அந்த நேரத்தில் பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, குறையும். ஆனால் உள்ளே எங்கோ ரத்தம் கசிந்தாலும் பிசிவி குறையும். லேப் சீட்டில் இரண்டும் ஒரே எண்தான். கை சூடாகி, நாடி அடங்கி, யூரின் தாராளமாகப் போனால் தேறுகிறான். கை சில்லென்று, நாடி ஓடிக்கொண்டே பிசிவி மட்டும் இறங்கினால் ரத்தத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

அந்தப் பையனின் ஷீட்டில் ‘பிபி நார்மல்’ என்பதற்குப் பதில் இப்படி எழுதியிருக்கலாம்: காலை 10.10, இடது கை, மேனுவல், 110/90, இடைவெளி 20, நாடி 118, உள்ளங்கை சில்லிப்பு, சிஆர்டி 5 நொடி, காலை 6 மணிக்குப் பிறகு யூரின் போகவில்லை, டியூட்டி டாக்டரிடம் 10.12க்குச் சொல்லப்பட்டது.