காடேறிய பன்றிகளைச் சட்டத்தால் அடக்குவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளர்ப்பிலிருந்து வெளியேறிக் காட்டில் திரியும் பன்றிகளின் தொல்லை தலைக்கு மேல் போனால் அரசுகளுக்கு முதலில் தோன்றுவது, வேட்டைக்குத் திறந்துவிடுவது. அமெரிக்க அனுபவத்தில் இதைவிடப் பெரிய தவறு இல்லை. டென்னசி மாநிலம் 1999இல் யாரும் எத்தனை வேண்டுமானாலும் சுடலாம் என்று மாநிலம் முழுக்க அனுமதித்தது. சில கவுன்டிகளோடு (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவுகள்) நின்றிருந்த பன்றிகள் 2011 வாக்கில் 95 கவுன்டிகளில் கிட்டத்தட்ட 80க்குப் பரவிவிட்டன. அவை தாமாக அவ்வளவு தூரம் போகவில்லை. தங்கள் பக்கத்திலும் வேட்டை வேண்டும் என்று ஆட்களே உயிரோடு பிடித்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டார்கள். 2011இல் அம்மாநிலம் பன்றியை வேட்டை விலங்குப் பட்டியலிலிருந்தே நீக்க வேண்டியதாயிற்று.

கான்சஸ் 2006இலேயே பொழுதுபோக்குக்காகப் பன்றி வேட்டையாடுவதைத் தடை செய்தது. நியூயார்க் 2014இல் தடை விதித்தது. 2016இல் பன்றிகள் ஒழிந்ததாகவே அறிவித்தது. ஹெலிகாப்டரிலிருந்து சுடவும் அனுமதிக்கும் டெக்சாஸில் இன்றும் இருபது லட்சத்துக்கு மேல் திரிவதாக மதிப்பீடு.

விடுவிப்பதை மட்டும் குற்றமாக்குவது அடுத்த தவறு. நள்ளிரவில் காட்டோரம் டிரெய்லர் கதவைத் திறந்துவிடுபவனை யார் கையும் களவுமாகப் பிடிப்பது? உயிரோடு வைத்திருப்பதும் ஏற்றிச் செல்வதும் குற்றமானால்தான் நெடுஞ்சாலையிலேயே மடக்க முடியும். வேலி போட்ட இடத்தில் காசுக்குப் பன்றி வேட்டை நடத்தும் வேட்டைப் பண்ணைகளுக்கு விலக்கு தருவதும் ஓட்டைதான். வேலியைத் தோண்டி வெளியேறுவது பன்றிக்குப் பெரிய காரியமில்லை.

வாலுக்கு இவ்வளவு என்று பரிசு அறிவிப்பதும் கைகொடுக்கவில்லை. ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங் ராணுவ முகாமில் 2007இல் வாலுக்கு 40 டாலர் கொடுத்தார்கள், எண்ணிக்கை குறையவில்லை. வேட்டைக்காரர்கள் பெரிய பன்றிகளாகப் பார்த்துச் சுட்டார்கள், அவர்கள் போட்ட இரையைத் தின்று மற்றவை பெருகின என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆண்டுக்குச் சுமார் 70 சதவீதத்தை அகற்றினால்தான் பெருக்கம் நிற்கும். தாயும் குட்டிகளுமாக முழுக் கூட்டத்தையும் ஒரே பட்டியில் அடைக்கும் பொறிகளுக்குப் பணம் ஒதுக்குவதே பயன் தரும். நடுவில் ஒருவர் துப்பாக்கி எடுத்தால் கூட்டம் சிதறி, பொறிப் பக்கமே வராது.

இந்தச் சட்டங்களை அப்படியே நம்மூருக்குக் கொண்டுவரக் கேட்பதும் தவறு. அங்கே பன்றி வந்தேறி. ஃபுளோரிடாவில் 1539இல் ஸ்பானியர்கள் கொண்டுவந்து இறக்கியது. நம்முடைய காட்டுப்பன்றி இந்த மண்ணின் விலங்கு. பயிர் இழந்த விவசாயியின் வேதனை நியாயமானது. அதற்கான தீர்வை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்தான் தேட வேண்டும்.