கழுத்தில் விரிசல் விட்ட ஏர்கன் கட்டை: நான் சரிசெய்த விதம்

குண்டு உள்ளே இல்லை என்று உறுதிசெய்த பிறகே திருகுகளைக் கழற்றி, குழலையும் பொறியையும் பிரித்து வைத்தேன். தோளில் அணைக்கும் தேக்குக் கட்டையின் கழுத்தில், அதாவது கை பிடிக்கும் மெலிந்த இடத்தில், 7 செ.மீ. விரிசல். அதில் பழைய எண்ணெய் ஊறியிருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. பல்குச்சியால் விரிசலைத் திறந்து, பழைய பல் பிரஷ்ஷில் அசிட்டோன் தொட்டு மூன்று முறை கழுவினேன். தேக்கிலேயே எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் ஒட்டுவதற்குச் சற்று முன் கடைசிக் கழுவல் அவசியம்.

பசைக்கு அரால்டைட் எபாக்சி, இரண்டு குழாயிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலந்து விரிசலில் விட்டேன். ஹேர் டிரையரால் லேசாகச் சூடுகாட்டினால் இளகி அடிவரை இறங்கும். சைக்கிள் ட்யூப்பை 2 செ.மீ. பட்டையாக வெட்டி இறுக்கிச் சுற்றி, 24 மணி நேரம் தொடவே இல்லை. ஐந்து நிமிடப் பசை வேண்டாம், உள்ளே இறங்குமுன் இறுகிவிடும்.

அமுங்கிய பள்ளங்களுக்கு ஈரத்துணி மேல் இஸ்திரிப் பெட்டி. நார் அறுந்த இடம் மட்டும் எழும்பாது. பிறகு 120, 220, 320 எண் உப்புத்தாள், மர ரேகையோடு மட்டும்.

மேல்பூச்சுக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், முதல் பூச்சுக்கு டர்பன்டைன் சரிபாதி. கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைக்காவிட்டால் பிசுபிசுக்கும். நாளுக்கொன்றாக ஆறு பூச்சு. கோவைப் பக்கம் ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை ஒட்டவைக்கும், ஐப்பசியில் காயாது, மாசி நல்லது. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீங்க, தானே தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்க.