விரல் நுனி நீலமானால் தைலம் தேய்த்து நாளைக் கடத்தாதீர்கள்

குளிரில் விரல் வெளிறுகிறது, நீலமாகிறது, கொஞ்ச நேரத்தில் சிவந்து பழையபடி ஆகிவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் ரேனாட் எனும் தொந்தரவு. மோரிஸ் ரேனாட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862லேயே விவரித்தது. இள வயதில், இரண்டு கையிலும் ஒரே மாதிரி வந்து போனால் பொதுவாகப் பயப்பட ஒன்றுமில்லை. இதைப் படித்துவிட்டுப் புற்றுநோய் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

ஆனால் நாற்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்கி, ஒன்றிரண்டு விரலில் மட்டும் வந்து, வலி தூங்கவிடாமல், நுனியில் புண்ணும் வைக்கிறதென்றால் கதை வேறு. அதையும் வாயு, நரம்புத் தளர்ச்சி என்று சொல்லித் தைலம் தேய்த்தே மாதக்கணக்கில் ஓட்டுகிறோம். பீடி சிகரெட், உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் மாதிரி நோய்கள்தான் அதிகம் காரணமாகும். அரிதாக ரத்தப் புற்றுநோயும் இருக்கும். விரல் கறுக்க ஆரம்பித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள்.

முதலில் வேண்டியது ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் சாதாரண சிபிசி டெஸ்ட். அதைப் படிப்பதில்தான் அடுத்த தவறு. டெங்கு வந்த பிறகு பிளேட்லெட் குறைந்தால் மட்டும் பதறப் பழகிவிட்டோம், ஏழெட்டு லட்சம் என்று வந்தால் ‘நிறைய இருக்கு, நல்லதுதானே’ என்று மடித்து வைத்துவிடுகிறோம். ஒன்றரை முதல் நாலரை லட்சம் வரைதான் இயல்பு. ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 18 இருந்தால் அதுவும் ‘நல்ல ரத்தம்’ இல்லை. எலும்பு மஜ்ஜை அளவில்லாமல் அணுக்களை உற்பத்தி செய்யும் பாலிசைதீமியா வேரா, எசென்ஷியல் திராம்போசைதீமியா இரண்டும் மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய்கள். இவற்றில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைத்து விரல் சிவந்து தீயாய் எரியும், சூடு பட்டால் இன்னும் மோசமாகும். அதனால் வெந்நீரில் கையை முக்காதீர்கள், மரத்துப்போன விரலுக்குச் சூடு தெரியாமல் கொப்புளமே போட்டுவிடும். இந்த எரிச்சலுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் நன்றாகவே கேட்கும், ஆனால் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், பிளேட்லெட் பத்து லட்சத்தைத் தாண்டியவர்களுக்கு ரத்தக் கசிவு வரலாம். ரத்தவியல் மருத்துவர் இந்த நோய்களைக் கண்டறிய உதவும் ஜாக்2 மரபணு டெஸ்ட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. மல்டிபிள் மைலோமா, சிலவகை லிம்ஃபோமா போன்ற வேறு ரத்தப் புற்றுநோய்களில் ரத்தத்தில் ஒரு புரதம் சேரும், பேர் கிரையோகுளோபுலின். மார்கழிக் குளிரில் நெய் உறைகிற மாதிரி அது குளிரில் உறைந்து விரலை அடைக்கும். இதைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட்டுக்கு எடுத்த ரத்தத்தை, சீரம் எனும் தெளிந்த நீரைப் பிரிக்கும்வரை 37 டிகிரி சூட்டிலேயே வைக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் போட்டு அனுப்பினால் புரதம் அணுக்களோடு கீழே தங்கிவிடும், ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று வரும். ரத்தம் எடுக்குமுன்பே லேபில் கேளுங்கள், அந்த வசதி இல்லை என்றால் இருக்கிற இடத்தில் போய் ரத்தம் கொடுங்கள்.