நாயின் சொறியும் சோறும்: மலைநாட்டு வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

நாய் இரவெல்லாம் சொறிகிறது. பாதத்தை நக்கி நக்கி ரோமம் செம்பட்டையாகிவிட்டது. காது மடலைத் தூக்கினால் புளித்த கஞ்சி வாடை. இந்த நிலையில் வீட்டில் முதலில் வருகிற தீர்ப்பு, "உடம்பு சூடு, கோழி கொடுக்காதே" என்பதுதான். கோழியை நிறுத்திக் கருவாட்டுச் சோறு போடுவார்கள். பத்து நாளில் பலன் இல்லையென்று மாட்டிறைச்சிக்கு மாறுவார்கள். அதற்குள் யாரோ ஒரு களிம்பு வாங்கி வருவார்கள். கடைசியில் எதனால் சொறிந்தது, எதனால் நின்றது என்று எவருக்கும் தெரியாது.

சாப்பாட்டால் வரும் ஒவ்வாமை உண்மையானது. ஆனால் சொறிகிற நாய்களில் அது சிறு பங்குதான். பூச்சியும் ஈரமும் அதைவிடப் பெரிய குற்றவாளிகள். ஆகவே வரிசை மாறக்கூடாது: முதலில் பூச்சி, பிறகு ஈரம், தட்டு கடைசியில்.

பூச்சி

வாலடியிலும் பின்தொடையிலும் கடித்துச் சொறிந்தால் தெள்ளைச் சந்தேகியுங்கள். வெள்ளை டிஷ்யூ ஒன்றை நனைத்து விரித்து, நாயை அதன்மேல் நிறுத்தி, வாலடி ரோமத்தைச் சீப்பால் எதிர்ப்பக்கமாக வாருங்கள். கறுப்பு மிளகுத்தூள் போல ஏதாவது விழும். அரை நிமிடம் பொறுங்கள். அந்தப் புள்ளியைச் சுற்றிச் செம்மண் நிறம் கசிந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். கசியாவிட்டால் வெறும் மண். தெள்ளு உமிழ்நீருக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஓரிரு கடியே பல நாள் சொறிய வைக்கும். "ஒரு தெள்ளுகூடக் கண்ணில் படவில்லையே" என்பது சமாதானமாகாது.

நாய்க்கு மட்டும் மருந்து வைத்தால் போதாது. தெள்ளின் முட்டையும் புழுவும் கூடும் இருப்பது நாய் படுக்கும் சாக்கிலும் இஸ்தோப்பு மூலையிலும் பலகை இடுக்கிலும்தான். சாக்கைக் கொதிநீரில் போட்டெடுங்கள், அல்லது எரித்துவிட்டுப் புதியது போடுங்கள். வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் ஒரே நாளில் மருந்து வையுங்கள். பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்தைப் பூனைமேல் போட்டால் பூனை செத்துப்போகும். லேபிளைப் படிக்காமல் பிரிக்காதீர்கள்.

காது ஓரம், முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் ரோமம் கொட்டிப் பொருக்குத் தட்டியிருந்தால் அடுத்த சந்தேகம் சிரங்குப் பூச்சி. வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு குறி உண்டு. காது மடலின் விளிம்பை இரு விரலால் மடித்து, உட்பக்கத்தோடு சேர்த்து ஐந்தாறு தடவை மெல்லத் தேயுங்கள். அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாகத் தூக்கிச் சொறியத் தொடங்கினால் சந்தேகம் பலமாகிறது. வீட்டாருக்கும் இடுப்பிலோ கையிலோ அரிப்பு வந்திருந்தால் இன்னும் பலம். இதற்கு மிருக வைத்தியர் தோலைச் சுரண்டிப் பார்ப்பார். சுரண்டலில் பூச்சி தென்படாவிட்டாலும் மருந்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம், ஏனென்றால் இந்தப் பூச்சி எளிதில் அகப்படாது.

செய்யக்கூடாதவை மூன்று. வாகனத்துக் கழிவு எண்ணெய் பூசுவது முதலாவது: தோல் வெந்துபோகும், நாய் நக்கினால் ஈரலும் கெடும். மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் கரைத்துக் குளிப்பாட்டுவது இரண்டாவது: அவற்றில் பல நரம்பைத் தாக்குபவை, வாயில் எச்சில் ஒழுகி, உடம்பு துடித்து, ஓரிரு மணித்தியாலத்தில் நாய் விழுந்துவிடலாம். மூன்றாவது, மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியைக் கண் அளவில் போடுவது. கொலி வகை நாய்களுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் அது மூளைக்குள் போய்விடும். மற்ற நாய்களுக்கும் எடை பார்க்காமல் போட்டால் ஆபத்து.

அட்டை கடித்த இடமும் சொறியும். மழை நாளில் தேயிலைக்குள் போய் வந்த நாயின் விரலிடுக்கை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். ஒட்டியிருந்தால் உப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்து உதிர்க்கலாம்.

ஈரம்

ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை ஓயாத மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் அது வருடக் கடைசியில். நுவரெலியாவில் வெயில் அடிக்கிற நாளிலும் பனிமூட்டம் நாயின் ரோமத்தைக் காயவிடாது. ஈரமான தோல் மடிப்பில் பெருகுவது ஈஸ்ட் என்ற பூஞ்சணம். பாதம், அக்குள், காது, கழுத்து மடிப்பு எல்லாம் எண்ணெய்ப் பிசுக்காகி, தோல் கறுத்துத் தடித்து, நாறத் தொடங்கும். இந்த ஈஸ்ட் ஒவ்வாமையின்மேல் ஏறிக்கொள்கிற இரண்டாம் நோய். இதைத் தீர்க்காமல் சாப்பாட்டை மாற்றினால் சோதனை குழம்பிப்போகும்.

குளோர்ஹெக்சிடீனும் மைகொனசோலும் கலந்த நாய் ஷாம்பு வாங்குங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை, மூன்று நான்கு வாரம் தொடர வேண்டும். பெரும்பாலோர் தவறுவது நேரத்தில்தான்: நுரை வந்ததும் கழுவிவிடுகிறார்கள். கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் நுரை தோலில் நிற்க வேண்டும். தண்ணீர் கைக்கு இளஞ்சூடாக இருந்தால் போதும். சுடுதண்ணி அரிப்பைக் கூட்டும். குளிப்பாட்டுவது காலை பத்து மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் இடையில், துவட்டி முடிக்க நேரம் வைத்துக்கொண்டு. உடுப்புச் சவர்க்காரமும் டெட்டோலும் வேண்டாம்.

தினசரி வேலை சிறியது. நாய் வெளியே போய் வந்ததும் நான்கு பாதத்தையும் வெறும் தண்ணீரில் அலசி, விரலிடுக்குவரை துடையுங்கள். கந்தப்பளை, இராகலை, வெலிமடை போல மருந்தடிக்கிற மரக்கறி நிலம் பக்கத்தில் இருந்தால் இது கட்டாயம். வயிற்றுத் தோலும் பாதமும் மட்டும் சிவந்திருந்தால் நடந்து வந்த இடத்தையும் சந்தேகிக்க வேண்டும். படுக்கையைத் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் பலகைமேல் போடுங்கள். அடுப்படிப் புகைக்குள் வேண்டாம். காதுக்குள் தண்ணீர், எண்ணெய், பஞ்சுக் குச்சி எதுவும் போகக்கூடாது.

எட்டு வாரச் சோதனை

பூச்சியும் ஈரமும் தீர்ந்த பிறகும் வருடம் முழுக்கச் சொறிந்தால், காதுநோய் திரும்பத் திரும்ப வந்தால், கூடவே மலம் இளகியோ அடிக்கடியோ போனால், இப்போது சாப்பாட்டைப் பார்க்கலாம். நாய்களில் அதிகம் பதிவானவை மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை. பெரும்பாலும் ஒவ்வாமை வருவது நாய் பல காலம் தின்று பழகிய புரதத்துக்கே. "சின்னதிலிருந்து இதைத்தானே தின்கிறது" என்பது அந்தச் சாப்பாட்டைச் சந்தேகிக்கக் காரணம், விடுவிக்கக் காரணம் அல்ல. இதற்கென்று விற்கிற இரத்த, உமிழ்நீர்ச் சோதனைகள் நம்பத்தக்கவை அல்ல. பணத்தை இறைச்சிக்கு வையுங்கள்.

முதலில், நாய் இதுவரை தின்ற எல்லாவற்றையும் எழுதுங்கள். கோதுமை ரொட்டி, பால்மாத் தேத்தண்ணி, நெத்தலி, கோழித் தலை, பக்கத்து வீட்டு பிஸ்கட் எல்லாம் வர வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு புரதமும் ஒரு மாச்சத்தும் தேர்ந்தெடுங்கள். கருவாட்டுச் சோற்றில் வளர்ந்த நாய்க்கு மீன் புதிய புரதம் ஆகாது. ஆட்டிறைச்சி பலருக்குச் சரிவரும். விலை தாங்காதவர்களுக்குக் கொழுப்பு நீக்கி நன்றாக வேகவைத்த பன்றியிறைச்சி. மாச்சத்துக்கு உருளைக்கிழங்கோ வற்றாளையோ. உருளைக்கிழங்கில் பச்சை நிறமும் முளையும் இருந்தால் வெட்டி எறியுங்கள்.

10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு எலும்பில்லாத இறைச்சி 200 கிராம், வேகவைத்த கிழங்கு 350 முதல் 400 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி. இதை இரண்டு வேளையாகப் பிரியுங்கள். உப்பு, மஞ்சள், தேங்காய்ப்பால், வெங்காயம் எதுவும் இல்லை. பழைய சாப்பாட்டிலிருந்து ஐந்து நாளில் மெல்ல மாற்றுங்கள், இல்லாவிட்டால் வயிற்றோட்டம் வந்து சோதனையின்மேல் பழி விழும். வாரம் ஒரு தடவை நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துப் பாருங்கள். இளைத்தால் கிழங்கைக் கூட்டுங்கள். இந்தச் சாப்பாடு வளர்ந்த நாய்க்குச் சோதனைக் காலத்துக்கு மட்டும் ஓடும். குட்டிக்கும் கர்ப்பமான நாய்க்கும் வைத்தியர் சொல்லாமல் தொடங்காதீர்கள்.

எட்டு வாரம் என்பது குறைந்த கணக்கு. நாலாம் வாரத்தில் பலன் தெரியாமல் கைவிடுகிற வீடுதான் அதிகம். வைத்தியர் அரிப்புக்கு பிரெட்னிசொலோன் கொடுத்திருந்தால் அது முடிந்த பிறகும் இரண்டு வாரமாவது இதே சாப்பாடு தொடர வேண்டும். மருந்து அடக்கிவைத்திருக்கும்போது சாப்பாட்டுக்குப் பேர் போகக்கூடாது அல்லவா.

சோதனை உடைவது சமையலில் அல்ல, தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில்தான். பத்துக் காம்பராவுக்கும் ஒரே நாய்போலச் சுற்றுகிற செல்லத்துக்குப் பிள்ளைகள் அரை மாரி பிஸ்கட் போட்டால், கோதுமையும் பாலும் சேர்ந்து உள்ளே போய்விட்டன. மறுபடி நாள் எண்ணவேண்டி வரும். அயலில் எல்லாருக்கும் சொல்லுங்கள். சொல்லிக் கேட்காத இடத்தில் நாயைக் கட்டிவைத்து, கயிற்றோடு நடத்திச் செல்லுங்கள். பிள்ளைகள் கையில் வேகவைத்த கிழங்குத் துண்டைக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கும் ஆசை தீரும். இறைச்சிச் சுவையேற்றிய பூச்சி மாத்திரையும் இந்த எட்டு வாரத்தில் கணக்குத்தான். தோலில் விடும் மருந்துக்கு மாறுங்கள். நாட்காட்டியில் தினமும் அரிப்புக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் போடுங்கள். நினைவு நம்மை ஏமாற்றும், எண் ஏமாற்றாது.

அரிப்பு குறைந்துவிட்டதா? இனித்தான் சோதனையின் முக்கிய பாதி. பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுங்கள். சில மணித்தியாலத்திலோ இரண்டு வாரத்துக்குள்ளோ சொறி திரும்பினால் சாப்பாட்டு ஒவ்வாமை உறுதி. உடனே சோதனைச் சாப்பாட்டுக்குத் திரும்பி, அடங்கிய பிறகு ஒவ்வொரு பொருளாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் கொடுத்துக் குற்றவாளியைப் பிடியுங்கள். திரும்பக் கொடுத்தும் சொறி வராவிட்டால், ஆறியது வேறு காரணத்தால். எட்டு வாரத்தில் மாற்றமே இல்லையென்றால் சாப்பாட்டை விடுதலை செய்துவிடுங்கள். தூசுப் பூச்சி, பூஞ்சணம், மகரந்தம் போன்ற சூழல் ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

நிரந்தரச் சாப்பாடு

குற்றவாளியை நீக்கிய பிறகு சோறு, பொருந்திய இறைச்சி, கரட், பூசணி, போஞ்சி என்று விரிக்கலாம். இதில் எப்போதும் குறைவது சுண்ணாம்புச் சத்து. சோறும் எலும்பில்லாத இறைச்சியும் மட்டும் தின்று வளர்கிற குட்டிக்குக் கால் வளைவது இதனால்தான். முட்டை ஒத்துக்கொள்கிற நாயென்றால் முட்டை ஓட்டைக் கழுவி, உள்தோலை உரித்து, வறுத்து, மாவாக அரைத்து, 10 கிலோ நாய்க்கு நாளுக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகச் சேருங்கள். ஒட்டியிருக்கும் தோலில் முட்டைப் புரதம் உண்டு. ஆகவே சோதனைக் காலத்தில் இது வேண்டாம்.

மலைநாட்டில் மலிவாகக் கிடைக்கிற லீக்ஸ் நாய்க்கு நஞ்சு. வெங்காயம், பூண்டு, லீக்ஸ் எல்லாம் ஒரே குடும்பம். வேகவைத்தாலும் இரத்தச் சிவப்பணுவை உடைக்கும். ஒரு துண்டு தின்றதால் நாய் விழாது. தினமும் வெங்காயம் போட்ட ரொட்டியும் குழம்புச் சோறும் போடுகிற வீட்டில்தான் மெல்ல மெல்ல ஈறு வெளுத்து, மூத்திரம் கறுக்கும். தேயிலைச் சக்கையைக் கிளறித் தின்ன விடாதீர்கள், அதில் கஃபீன் மிஞ்சியிருக்கும். திராட்சை, சொக்லெட், வேகவைத்த எலும்பு ஆகியவையும் தட்டில் வரக்கூடாது.

தீபாவளிக்கு மறுநாள் கொழுப்பு தின்று வாந்தி எடுக்கிற நாய்கள் அதிகம். வளர்ந்த நாய்க்கு 12 மணித்தியாலம் சாப்பாட்டை நிறுத்தி, தண்ணீர் மட்டும் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். பிறகு மூன்று நாள் சோறும் தோல் நீக்கிய கோழியும், கோழி ஆகாத நாய்க்கு அதற்குப் பொருந்திய இறைச்சியும், நாலைந்து சிறு வேளையாக. வயிறு இறுகி, முன்னங்காலை நீட்டிக் குனிந்து நின்றால், வாந்தி நிற்காவிட்டால், மலத்தில் இரத்தம் வந்தால், குட்டி ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் சோர்ந்தால், முகம் வீங்கினால் வீட்டு வைத்தியம் வேண்டாம். பரசிட்டமோலும் இபுபுரூபனும் வீட்டில் இருக்கிறதென்று கொடுத்துவிடாதீர்கள்.

அருகிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்திலேயே தொடங்கலாம். தீராத தோல்நோய்க்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது. போகும்போது நாட்காட்டியையும், சாப்பாட்டுப் பட்டியலையும், கொடுத்த மருந்து அட்டைகளையும் கொண்டு போங்கள். முதல் நாள் நாயைக் குளிப்பாட்டிச் சுத்தமாகக் கொண்டுபோகாதீர்கள். வைத்தியர் பார்க்க வேண்டிய பொருக்கும் பிசுக்கும் தண்ணீரோடு போய்விடும்.