பி.எஸ்சி. இயற்பியல் சேரும் முன் போடும் தப்புக் கணக்குகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், வீரவநல்லூரிலிருந்து ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். பிள்ளைக்கு பிஸிக்ஸ் மேல் ஆசை. என்ன செலவாகும் என்று ஒரு சீட்டில் எழுதியே வைத்திருந்தார்: மூன்று வருஷக் கட்டணம், பஸ், புத்தகம். "அவ்வளவுதான் சார், சமாளிச்சிரலாம்லா?" என்றார். 2010இல் நான் எழுதிய சீட்டும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது.

அரியர் வைக்காதே, ஒழுங்காகப் படி என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். வீட்டில் சொல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

செலவு மூன்று வருஷத்துக்கு, சம்பளம் ஏழு வருஷத்துக்கு

சீட்டின் அடியில் 'வரவு' என்று ஒரு வரி இருந்தது. பிளஸ் டூ வாத்தியார் சம்பளம். அந்த வேலைக்கு, அதாவது முதுகலை ஆசிரியர் பணிக்கு, எம்.எஸ்சி.யும் வேண்டும், பி.எட்.டும் வேண்டும். மூன்று, இரண்டு, இரண்டு: ஆக ஏழு வருஷம். அதற்குமேல் ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்தும் தேர்வு. அது எந்த வருஷம் வரும் என்பது நம் கையில் இல்லை. சீட்டில் செலவு மூன்றாம் வருஷத்தோடு நின்றுவிட்டது. சம்பளம் மட்டும் ஏழு வருஷம் படித்தவருடையது.

நான் பாளையங்கோட்டையில் சேர்ந்தபோது ஆறு வருஷத்தில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். 2015இல் நான் பி.எட். சேரும்போது அது ஓராண்டுப் படிப்பிலிருந்து ஈராண்டாகிவிட்டது. முக்கூடலில் என்னோடு பிளஸ் டூ முடித்த சேக்காளி நேராக டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, 2012இல் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். எனக்கு முதல் சம்பளம் 2017இல், ஒரு தனியார் பள்ளியில், 9,000 ரூபாய். அதற்குள் அவன் ஐந்து வருஷம் சம்பாதித்திருந்தான். மாதம் 12,000 என்று குறைத்தே வைத்தாலும் 7,20,000 ரூபாய். என் ஏழு வருஷக் கட்டணத்தையும் கூட்டினால் அதில் கால்வாசி வராது. அம்மா பீடி சுற்றிக் கட்டிய பணத்தைப் பைசா விடாமல் நோட்டில் எழுதியிருந்தேன். இந்தப் பெரிய தொகைக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

இயற்பியல் படித்ததில் எனக்கு வருத்தமே கிடையாது. யோசிக்காமல் அடுத்த படிப்புக்கு நகர்ந்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. பி.எஸ்சி. முடிந்ததும் வகுப்பில் எல்லோரும் எம்.எஸ்சி. விண்ணப்பம் வாங்கினார்கள், நானும் வாங்கினேன். பி.எஸ்சி.யோடு பி.எட். முடித்து, டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேறினால் பட்டதாரி ஆசிரியர் வேலைக்கு முயலலாம், எம்.எஸ்சி.யை அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்று ஒரு தேர்வு இருப்பது எம்.எஸ்சி. முதல் வருஷத்தில்தான் காதில் விழுந்தது. பி.எஸ்சி. இறுதியாண்டு பிப்ரவரியிலேயே எழுத வேண்டியது அது. இப்போதும் வருஷா வருஷம் பிள்ளைகள் அதே மாதிரி வந்து, "ஜாம்னா என்ன சார்?" என்று எம்.எஸ்சி.யில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார்கள்.

அதனால் எந்த வேலை வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். அந்த வேலை கிடைக்கும் வருஷம்வரை வருஷத்துக்கு ஒரு வரி போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் கட்டணத்துக்குப் பக்கத்தில், அந்த வருஷம் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளத்தையும் எழுதுங்கள். கூட்டிப் பார்த்த பிறகும் பிஸிக்ஸ்தான் என்றால் தைரியமாகச் சேருங்கள்.

ஆராய்ச்சியைச் செலவுப் பக்கத்தில் எழுதுவது

பிஎச்.டி. என்றதும் "இன்னும் அஞ்சு வருஷம் எவன் செலவழிக்க?" என்கிறார்கள். நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் அது வரவு. 2023இல் உயர்த்தியபடி முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய். எந்த உதவித்தொகையும் இல்லாமல் கைக்காசில் சேர்ந்தால்தான் அது செலவு, அதுவும் பெரிய செலவு. அப்படிச் சேருமுன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

ஆராய்ச்சி என்றால் ஊரை விட்டுப் போகணும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நம் திருநெல்வேலி இருப்பதால், திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரத்திலேயே புவிகாந்த ஆய்வகம் இருக்கிறது.

எய்டெடா, செல்ஃப் ஃபைனான்ஸா என்று கேட்காமல் பணம் கட்டுவது

அரசு உதவி பெறும் (எய்டெட்) பிரிவானாலும் சுயநிதி (செல்ஃப் ஃபைனான்ஸ்) பிரிவானாலும் ஒரே கல்லூரி, ஒரே பல்கலைக்கழகப் பட்டம். கட்டணம்தான் வேறு.

மகேந்திரகிரியை நம்பிச் சேர்வது

அங்கே இருக்கும் இஸ்ரோ மையத்தில் பெரும்பாலான வேலை பொறியியலுக்கும் டிப்ளமோவுக்கும்.

59 சதவீதம்

கூடங்குளம் மாதிரி அணுமின் நிலையங்களில் பி.எஸ்சி. இயற்பியலுக்கு வரும் பயிற்சிப் பணிக்கு 60 சதவீத மதிப்பெண் கேட்பார்கள். துணைப்பாடக் கணக்கையும் வேதியியலையும் ஒப்பேற்றாதீர்கள்.

வர வேண்டிய பணத்தை எழுதாமல் விடுவது

வீரவநல்லூரிலிருந்து வந்த அந்தப் பிள்ளை ஆறிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளி. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000, மூன்று வருஷத்துக்கு 36,000 ரூபாய். பையன்களுக்கு 2024இலிருந்து தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. "அண்ணாச்சி, இதை எங்க எழுதியிருக்கிய?" என்று கேட்டேன். அவர் சீட்டைத் திருப்பி மகளிடம் கொடுத்தார். அவள் பின்பக்கத்தில் வருஷத்துக்கு ஒரு வரியாக, ஏழு கோடு போட்டாள்.