தோட்டத்து ஊரில் முகமூடிக் கதை எழுதும் முறை

முகமூடி அணிந்து குற்றவாளிகளை இரவில் துரத்தும் ஒருவரின் கதையை மலேசியத் தோட்டப்புறத்தில் வைத்து எழுத நினைப்பவர், முதலில் ஓர் இடைஞ்சலை எதிர்கொள்ள வேண்டும். 1939இல் பேட்மேன் தோன்றியது முதல் இவ்வகைக் கதைகள் பெரும்பாலும் பெருநகரத்தில் நடப்பதற்குக் காரணம், அங்கே பக்கத்து வீட்டுக்காரரைக்கூட அடையாளம் தெரியாது என்பதே. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஊரில், இருட்டில் ஒருவர் இருமினாலே எந்த லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். அங்கே முகத்தை மூடுவதால் மட்டும் யாரும் மறைந்துவிட முடியாது.

ஆகவே முகமூடியை வெளியிலிருந்து கொண்டுவராமல், ஊரில் இருப்பதிலிருந்தே எடுக்கலாம். செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்துவந்தார்கள். தலையில் துண்டு, அதன்மேல் தொப்பி, கண் மட்டும் தெரியும்படி சுற்றிய துணி, முழுக்கைச் சட்டை, ரப்பர் பூட்ஸ், முதுகில் மருந்துத் தோம்பு என்று பத்துப் பேர் விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, வந்து நின்றால், யார் எவரென்று பெயர் கூப்பிடும்போதுதான் தெரியும். என்னைக் கேட்டால், வீராங்கனை அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். தோளில் பறக்கும் அங்கியை அவளுக்கு மாட்டாதீர்கள். செம்பனை மட்டையின் முள் முதல் இரவிலேயே அதைக் கிழித்துவிடும்.

கதையை 2020க்கு முன்னால் வைப்பது நல்லது. மலேசியாவில் பாராகுவாட் களைக்கொல்லி அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்யப்பட்டது. அது கையில் பட்டுப்பட்டு நகம் நிறம் மாறுவதும் உதிர்வதும் உண்டு. முகத்தை மூடியவளை அவளுடைய நகமே காட்டிக்கொடுக்கட்டும். மளிகைக் கடையில் அவள் காசை எண்ணி வைக்கிறாள். முந்தின நாள் இரவு அவளிடம் அடிபட்டவன், பாதி நகம் இல்லாத ஒரு கை தன் சட்டையைப் பிடித்ததாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறான். கடைக்காரர் அவள் விரலைப் பார்க்கிறார். சில்லறையோடு ஒரு ஜோடி கையுறையையும் நகர்த்தி வைக்கிறார். “இனிமே இதப் போட்டுக்க, தங்கச்சி.” அவர் வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குத் தெரியும், ஊர் வாய் திறக்காது என்பதை இந்த ஓர் இடத்திலேயே காட்டிவிடலாம்.

அடுத்து குற்றம். வங்கிக் கொள்ளையை விட்டுவிட்டுச் செம்பனைக் குலைத் திருட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர்வது நல்லது. தாமதித்தால் கொழுப்பமிலம் கூடி எண்ணெயின் தரம் கெடும், விலையும் இறங்கும். ஆகவே திருடனுக்கு அவசரம். அவனைத் துரத்துபவளுக்கும் அதே அவசரம். கதையின் ஓட்டத்துக்கு இதைவிட நல்ல கடிகாரம் கிடைக்காது. மேலும், குலை வாங்குபவர் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் வைத்திருக்க வேண்டும் என்பதால், உண்மையான வில்லன் இருட்டில் அரிவாள் பிடிக்கும் பையன் அல்ல. அவன் கொண்டுவருவதைக் கேள்வி கேட்காமல் எடைபோடுகிற ஆள். அவள் லாரியின் டயர் தடத்தைப் பின்பற்றி அந்த எடைமேடை வரை போகட்டும்.

ஆலோங்கை, அதாவது உரிமமில்லாமல் வட்டிக்குக் கடன் கொடுப்பவனை, வில்லனாக்குவதென்றால் அடிதடியைக் குறையுங்கள். வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றியவனை அடித்து அனுப்பினால், மறுநாள் நான்கு பேரோடு அதே வீட்டுக்கு வருவான். பிணையாகப் பிடித்துவைத்த வங்கி அட்டையை மீட்பதே பயனுள்ள சாகசம்.

சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, பிணையில் விட முடியாததும் வாரண்டின்றிக் கைது செய்யத்தக்கதுமான குற்றத்தைக் கண்ணெதிரே செய்பவரைத் தனிமனிதரும் பிடிக்கலாம். ஆனால் தேவையற்ற தாமதமின்றிப் போலீசாரிடம் ஒப்படைக்க வேண்டும். கடைசிக் காட்சி இங்கேதான் இருக்கிறது. எடைமேடைக்காரனைக் கட்டி இழுத்துக்கொண்டு அவள் நிலையத்துக்கு வருகிறாள். புகார் எழுத உட்கார்ந்த போலீஸ்காரர் பெயரையும் அடையாள அட்டையையும் கேட்டுவிட்டு நிமிர்ந்து, “துணிய எடும்மா” என்கிறார். அவள் எடுப்பாளா, மாட்டாளா என்பதை முதல் வரி எழுதுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். கடைக்காரர் கையுறை தரும் இடத்தை எப்படி எழுத வேண்டும் என்பது அதைப் பொறுத்தே அமையும்.